சட்டத்தின் கணக்கில் யார் தொழிலாளி? அமெரிக்கத் தொழிலாளர் சீர்திருத்தத்தில் நிறமும் பாலினமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே தினம், எட்டு மணி நேர வேலை, சிகாகோ என்றுதான் படித்திருக்கிறோம். இதற்குள் நிறமும் பாலினமும் எங்கிருந்து வந்தன?

சிகாகோவில் 1886-ல் நடந்தது எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு தொழிலாளர் சட்டம் யாருக்கு உதவியது என்று தெரிய வேண்டுமானால் அதன் முகப்பு வாசகத்தைப் படித்தால் போதாது. உள்ளே விளக்கப் பிரிவு என்று ஒன்று இருக்கும், அங்கே போக வேண்டும். 1935-ல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சங்கம் வைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை கொடுத்த பெரிய சட்டம். அதன் 2-வது பிரிவு 'தொழிலாளி' என்றால் யார் என்று விளக்குகிறது. விவசாயக் கூலியும், ஒரு குடும்பத்தின் வீட்டில் வேலை செய்பவரும் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி.

கறுப்பு என்ற சொல் அதில் இல்லை. பெண் என்ற சொல்லும் இல்லை. ஆனால் அன்றைய தென் மாநிலங்களில் வயலில் குனிந்து நின்றது யார், அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்றது யார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வரும்.

தொழிற்சாலைப் பெண்கள் எப்போது முதல் போராடத் தொடங்கினார்கள்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரப் பருத்தி ஆலைகளைச் சொல்வது வழக்கம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த கல்யாணமாகாத பெண்கள், ஆலை நடத்திய விடுதியிலேயே தங்கி, நாளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் தறி முன்னால் நின்றார்கள். கூலியைக் குறைக்கப் பார்த்தபோது 1834-லும், விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது 1836-லும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே நடந்தார்கள். பிறகு சாரா பேக்லி தலைமையில் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் உருவாகி, பத்து மணி நேர வேலைநாள் கேட்டு மனு மேல் மனு போட்டது. 1845-ல் மாநிலச் சட்டமன்றக் குழு விசாரித்தது, பேக்லியும் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். குறைகள் இருப்பதை ஒப்புக்கொண்ட குழு, தீர்ப்பது எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த மாநிலத்தில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வர 1874 ஆகிவிட்டது.

லோவலின் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் இழை ஒன்று உண்டு. அந்தத் தறிகளில் ஓடிய பஞ்சு தெற்கே அடிமைகள் பறித்தது. ஆலைகள் நெய்த மலிவான முரட்டுத் துணியில் ஒரு பங்கு திரும்பவும் தெற்கே போய் அதே அடிமைகளுக்கு உடுப்பானது; அங்கே அந்தத் துணிக்குப் பெயரே 'லோவல்'. நாங்கள் அடிமைகளாக மாட்டோம் என்று பாடிக்கொண்டு ஊர்வலம் போன பெண்களின் கையில் இருந்த நூல் அது.

அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பினப் பெண்கள் சங்கம் வைத்தார்களா?

வைத்தார்கள். அதுவும் சலவைத் தொழிலில். அவர்களுக்குக் கிடைத்த சில வேலைகளில் வெள்ளைக்கார எஜமானியின் கண் முன்னால் நிற்க வேண்டாத வேலை அது. துணியை வாங்கிவந்து, தங்கள் வீட்டு முற்றத்திலேயே வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளைகளும் கண் பார்வையில் இருக்கும்.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரச் சலவைப் பெண்கள், உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே, 1866 ஜூனில், மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இனி எல்லோரும் ஒரே கூலிதான் வாங்குவோம், நாளுக்கு 1.50 டாலர் என்று அதில் அறிவித்தார்கள்.

ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் 1881-ல் நடந்தது இன்னும் பெரிது. ஜூலையில் இருபது பேர் கூடி ஒரு சலவைச் சங்கம் தொடங்கினார்கள். ஒரு டஜன் பவுண்டு துணிக்கு ஒரு டாலர், ஊர் முழுக்க ஒரே விலை. தேவாலயம் தேவாலயமாகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, மூன்றே வாரத்தில் 3,000 பேரைச் சேர்த்துவிட்டார்கள். கொஞ்சம் வெள்ளைச் சலவைப் பெண்களும் கூட வந்தார்கள். நகர நிர்வாகம் சிலரைக் கைது செய்து அபராதம் போட்டது. அதற்கும் அடங்காததால், சலவைச் சங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு யோசனையைக் கிளப்பியது. மாதம் 4 முதல் 8 டாலர் வரை சம்பாதித்தவர்களுக்கு இது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவர்கள் மேயருக்கு எழுதிய பதில்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த கடிதம். கட்டணமா, கட்டிவிடுகிறோம், 25 என்ன, 50 கேட்டாலும் கட்டுகிறோம், ஆனால் அதற்குப் பிறகு ஊரின் சலவை முழுவதும் எங்கள் பொறுப்பு, விலையும் நாங்கள் வைத்ததுதான் என்றார்கள். உரிமத்தை வைத்து மிரட்டப் பார்த்த நகரசபையிடமே அதை ஏகபோகமாக்கித் தாருங்கள் என்று கேட்டால் என்ன செய்வார்கள்? யோசனை கைவிடப்பட்டது.

சங்கங்கள் கறுப்பினத்தவரை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை? அவர்கள் கருங்காலிகளாகப் போனதால்தானே?

இந்த வாதம் அன்றே இருந்தது. வேலைநிறுத்தம் நடக்கும் இடத்துக்கு முதலாளிகள் கறுப்பினத் தொழிலாளரை ரயிலேற்றிக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் எது முதலில் நடந்தது என்று பார்க்க வேண்டும். சங்கத்தில் சேர்க்க மாட்டேன், சங்கம் இல்லாதவனுக்கு வேலையும் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டால், வேலைநிறுத்தம் நடக்கும்போது மட்டும்தான் அவனுக்கு அந்தக் கதவு திறக்கும். அப்புறம் அவனைக் கருங்காலி என்று ஏசுவது சுலபம்.

சாத்திய விதமும் பலவிதம். 1866-ல் பால்டிமோரில் தொடங்கிய தேசியத் தொழிலாளர் ஒன்றியம் கறுப்பினத்தவரைத் தனியாகச் சங்கம் வைத்துக்கொள்ளச் சொன்னது. அதன்படி ஐசக் மயர்ஸ் தலைமையில் 1869-ல் ஒரு தனி ஒன்றியம் வந்தது. இயந்திரப் பணியாளர் சங்கம் போன்றவை வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று விதியாகவே வைத்திருந்தன; அந்தச் சங்கத்தில் அந்தத் தடை முழுதாக நீங்க 1948 ஆயிற்று. விதியில் எழுதாத இடங்களில், தகப்பன் உறுப்பினராக இருந்தால்தான் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பார்கள். சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலான அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு முதலில் கொஞ்சம் வீராப்பாகப் பேசிவிட்டு, பிறகு உறுப்புச் சங்கங்களின் விருப்பம் என்று ஒதுங்கிக்கொண்டது.

புல்மன் என்ற ரயில் பெட்டிக் கம்பெனிக்கு எதிரான 1894 வேலைநிறுத்தத்தை எல்லோரும் கொண்டாடுவார்கள். அதை நடத்திய அமெரிக்க ரயில்வே சங்கம் அந்த ஆண்டு மாநாட்டில் கறுப்பினத்தவரைச் சேர்க்கலாமா என்று ஓட்டெடுப்பு நடத்தியது. வேண்டாம் 112, வேண்டும் 100. சேர்க்க வேண்டும் என்று மன்றாடிய தலைவர் யூஜின் டெப்ஸ் தோற்றார். புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் கறுப்பினத்தவர். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு புல்மனுக்கு எதிராக வேலைநிறுத்தம்!

நைட்ஸ் ஆஃப் லேபர் என்ற அமைப்பு இதில் கொஞ்சம் வேறு மாதிரி. கறுப்பினத்தவரையும் பெண்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தது. ஆனால் சீனர்களுக்கு அங்கே இடமில்லை.

சீனர், ஜப்பானியர், இந்தியர் எல்லாம் இந்தக் கதையில் எங்கே?

வெளிவாசலில். 1882-ல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது, 1943 வரை நீடித்தது. அதற்குக் குரல் கொடுத்தவர்களில் தொழிற்சங்கங்கள் முன்வரிசை. சங்கத் தொழிலாளர் செய்த பொருள் என்று ஒரு முத்திரை ஒட்டுவார்களே, அதன் தொடக்கமே 1870-களில் சான் பிரான்சிஸ்கோவில் 'இது வெள்ளைக் கைகள் சுற்றிய சுருட்டு' என்று சொல்ல ஒட்டிய வெள்ளைச் சீட்டுதான். 1885-ல் வயோமிங்கின் ராக் ஸ்ப்ரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளர்கள் 28 சீனத் தொழிலாளரைக் கொன்றார்கள். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில், மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபியரை ஒரே இரவில் ஊரைவிட்டே துரத்தினார்கள்.

நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு. 1903-ல் கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் சர்க்கரைக் கிழங்கு வயல்களில் ஜப்பானியரும் மெக்சிகோக்காரரும் சேர்ந்து ஒரே சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். காம்பர்ஸின் கூட்டமைப்பு அவர்களை இணைத்துக்கொள்ளத் தயார் என்றது, ஜப்பானியரையும் சீனரையும் விட்டுவிட்டு வந்தால். மெக்சிகோக்காரரான செயலாளர் லிசாராஸ், கூட நின்று பசியைப் பங்குபோட்டவர்களை விட்டுவிட்டு வர முடியாது என்று பதில் எழுதினார். இணைப்பு கிடைக்கவில்லை.

பெண்களுக்காகத் தனிச் சட்டங்கள் வந்தனவே, அது நல்லதுதானே?

நல்லதும்தான், பொல்லாததும்தான். 1905-ல் நியூயார்க் ரொட்டிக்கடைத் தொழிலாளரின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்திய சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்வது அவரவர் சுதந்திரமாம். ஆண்களுக்கு வழி அடைபட்டதால் சீர்திருத்தக்காரர்கள் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். போர்ட்லண்டில் சலவையகம் நடத்திய கர்ட் முல்லர் என்பவர், பெண்களுக்குப் பத்து மணி நேரம்தான் என்ற ஓரிகன் சட்டத்தை மீறி வழக்கில் மாட்டினார். 1908-ல் அது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மாநிலத்துக்காக வாதாடிய லூயி பிராண்டைஸ் நூறு பக்கங்களுக்கு மேல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் சட்ட வாதம் இரண்டே பக்கம். மீதியெல்லாம் நீண்ட நேர வேலை பெண்ணுடலை என்ன செய்யும் என்று மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் சொன்னவை. அவற்றைத் தேடித் தொகுத்தவர்கள் ஜோசபின் கோல்ட்மார்க்கும் அவரோடு சேர்ந்த பெண்களும்.

மாநிலம் ஜெயித்தது. ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி? பெண் பலவீனமானவள், தாயாக வேண்டியவள், அவள் உடல் நலம் இனத்தின் நலம். இந்தக் காரணம் பின்னாளில் பெண்கள் மேலேயே விழுந்தது. இரவு வேலை கூடாது, பாரம் தூக்கும் வேலை கூடாது என்று நல்ல கூலி தரும் வேலைகளிலிருந்து அவர்களை விலக்க இதையே காட்டினார்கள். 1948-ல் மிச்சிகனில் மதுக்கடை நடத்துபவரின் மனைவியோ மகளோ தவிர வேறு பெண்கள் மது ஊற்றித் தரும் வேலை பார்க்கக் கூடாது என்ற சட்டம்கூட உச்ச நீதிமன்றத்தில் நின்றது.

இந்தப் பாதுகாப்புச் சட்டங்கள் பேசிய பெண் தொழிற்சாலைப் பெண், சலவையகப் பெண், கடைப் பெண். வீட்டு வேலைக்காரியும் வயல்காரியும் இவற்றில் வரவில்லை. அன்று சம்பளத்துக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். அவர்கள் உடலும் தாயின் உடல்தானே என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை.

டிரையாங்கிள் தீ விபத்து?

1911 மார்ச் 25, நியூயார்க்கில் ஒரு ரவிக்கைத் தொழிற்சாலை. பூட்டிய கதவு, 146 சாவு. அதில் 123 பேர் பெண்களும் சிறுமிகளும், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள். தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ், 1933-ல் தொழிலாளர் துறைச் செயலரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அடுத்த கேள்வி அவர் காலத்தைப் பற்றியது.

1930-களின் பெருமந்தத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த 'நியூ டீல்' திட்டம் ஏழைகளைக் காப்பாற்றியது என்கிறார்களே. அதில் என்ன குறை?

பல லட்சம் பேரைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. 1935-ல் சங்க உரிமையும் முதியோர் ஓய்வூதியமும், 1938-ல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் வந்தன. ஆனால் மூன்று சட்டங்களுமே வயலையும் வீட்டையும் வெளியே விட்டன.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் 1935-ல் செனட் குழுவின் முன் ஓய்வூதிய மசோதாவைப் பற்றிச் சாட்சி சொன்னார். வேலை பார்க்கும் கறுப்பினத்தவர் சுமார் 55 லட்சம், அதில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் விவசாயக் கூலி அல்லது வீட்டு வேலை என்று கணக்குக் காட்டினார். இந்த மசோதா ஒரு சல்லடை, கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் விழுந்துவிடும் அளவுக்குச் சரியாக ஓட்டை போட்டிருக்கிறீர்கள் என்றார்.

அதற்கு முன் 1933-ல் தொழில்துறைக் கூலி விதிகள் வந்தபோதும் இதே கதை. தென் மாநிலத்துக்கு ஒரு விகிதம், வடக்குக்கு ஒரு விகிதம். பல தொழில்களில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. கூலியை ஏற்றிக் கொடுக்க வேண்டிய இடங்களில் சில முதலாளிகள் கறுப்பினத்தவரை நீக்கி வெள்ளையரை வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் மூன்றெழுத்துச் சுருக்கமான என்.ஆர்.ஏ.-வுக்கு 'கறுப்பரை நீக்கும் சட்டம்' என்று மக்களே விரிவு கண்டுபிடித்தார்கள். பருத்திச் சாகுபடியைக் குறைக்க அரசு தந்த பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்த வாரதாரர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அந்த ஆண்டுகளில் கறுப்பினப் பெண்கள் காலையிலேயே தெருமுனையில் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரப் பெண்கள் வந்து பார்த்து, மணிக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக் கூட்டிப்போவார்கள். எல்லா ஜன்னலும் துடைத்த பிறகு கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்த வீடுகளும் உண்டு. எலா பேக்கர், மார்வல் குக் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 1935-ல் இதை நேரில் போய்ப் பார்த்து எழுதியபோது வைத்த பெயர் 'பிராங்க்ஸ் அடிமைச் சந்தை'. சட்டத்தின் கண்ணில் அந்தத் தெருமுனையில் தொழிலாளி யாருமே இல்லை.

அதை வேண்டுமென்றே செய்தார்களா, நிர்வாகச் சிக்கலால் நேர்ந்ததா?

வரலாற்றாசிரியர்கள் இன்னும் இதில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு தரப்பு காட்டுவது அதிகாரத்தை. செனட் நிதிக் குழுவின் தலைவர் மிசிசிப்பிக்காரர், கீழவையில் வரிக் குழுவின் தலைவர் வட கரோலினாக்காரர். தென் மாநில ஓட்டு இல்லாமல் எந்த மசோதாவும் நகராது. 1937-ல் கூலி மசோதா வந்தபோது, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே கூலியில் வைத்துவிட்டுத் தப்பிக்க முடியாது என்று ஃபுளோரிடா உறுப்பினர் வில்காக்ஸ் அவையிலேயே பேசினார்.

மறுதரப்பு சொல்வது: ஓய்வூதியத் திட்டத்தில் வயலையும் வீட்டையும் விடச் சொன்னது தெற்கத்தியர் இல்லை, நிதித்துறைச் செயலர் மார்கன்தாவ். லட்சக்கணக்கான வீடுகளிலும் பண்ணைகளிலும் போய்ச் சந்தா வசூலிக்க முடியாது என்பது அவர் கவலை. மற்ற நாடுகளிலும் இப்படிச் செய்தார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் வெளியே விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை இரண்டாம் தரப்பின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் சங்கம் வைக்கும் உரிமைக்குச் சந்தா வசூல் எதுவும் வேண்டாமே. அங்கே நிர்வாகச் சிரமம் என்ன வந்தது? அதோடு, சிரமம் என்று தெரிந்தும் முதலில் மசோதா தயாரித்த குழு இந்த இரண்டு பிரிவினரையும் உள்ளே வைத்துத்தான் அனுப்பியது. வெளியே எடுத்தபோது எதிர்த்துச் சண்டை போட அவையில் ஆள் இல்லை. தெற்கே கறுப்பினத்தவருக்கு நடைமுறையில் ஓட்டே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கறுப்பினத்தவர் நடத்திய பெரிய சங்கம் எது?

தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் வேலை செய்த புல்மன் போர்ட்டர்களின் சங்கம். 1920-களில் புல்மன் கம்பெனிபோல் கறுப்பினத்தவரை வேலைக்கு வைத்த தனியார் நிறுவனம் வேறில்லை. போர்ட்டர் மாதத்துக்கு 400 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், சம்பளம் போதாது, பயணிகள் தரும் டிப்ஸில்தான் குடும்பம் ஓடும். பயணிகள் அவரைப் பெயர் கேட்க மாட்டார்கள். எல்லாப் போர்ட்டரும் 'ஜார்ஜ்'. கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர். எஜமானின் பெயரால் அடிமையை அழைக்கும் பழைய வழக்கம் ரயிலேறி வந்தது.

1925 ஆகஸ்டில் ஹார்லெமில் சங்கம் தொடங்கியது. போர்ட்டரைத் தலைவராக்கினால் கம்பெனி வேலையை விட்டுத் தூக்கிவிடும் என்பதால், போர்ட்டராகவே இல்லாத பத்திரிகையாளர் ஏ. பிலிப் ராண்டால்ஃபைத் தேடிப்பிடித்தார்கள். கம்பெனி வேவு பார்த்தது, சிலரை நீக்கியது, சில பெட்டிகளில் பிலிப்பைன்ஸ்காரர்களை வேலைக்கு வைத்துப் பயமுறுத்தியது. 1937-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாத வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது.

நடுவில் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் ஓட்டியது பாதி அவர்கள் வீட்டுப் பெண்கள். வாஷிங்டனில் ரோசினா டக்கர் தன் வீட்டிலேயே ரகசியக் கூட்டம் நடத்தி, சந்தா வசூலித்துத் தலைமைக்கு அனுப்பினார். கம்பெனி அவரைத் தொட முடியாது, அதனால் கணவரை வேலையிலிருந்து எடுத்தது. டக்கர் நேராகக் கண்காணிப்பாளரின் அறைக்குள் போய், மேஜையில் அடித்து, நான் செய்ததற்கும் என் கணவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் சங்கத்துக்குள் பார்த்தால், தொடக்கத்தில் 'போர்ட்டர்கள் மற்றும் பணிப்பெண்கள்' என்றிருந்த பெயரிலிருந்து பணிப்பெண்கள் பின்னால் காணாமல் போனார்கள்.

இதே பழக்கம் 1963 வாஷிங்டன் பேரணி வரை வந்தது. வேலையும் சுதந்திரமும் கேட்டு நடந்த அந்தப் பேரணியின் தலைவரும் ராண்டால்ஃப்தான். அதை முன்னிட்டு, பெண்களை மாடியில் மட்டும் உட்காரவைக்கும் ஒரு பத்திரிகையாளர் மன்றத்தில் பேச அவர் ஒப்புக்கொண்டபோது, மாடியில் உட்கார்வதும் பேருந்தில் பின்னால் உட்கார்வதும் ஒன்றுதானே என்ற பொருளில் வழக்கறிஞர் பாலி மரே அவரைக் கேட்டார்.

அப்படியானால் தொழிற்சங்கம் என்றாலே நிறவெறி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1934-ல் ஆர்கன்சாவின் டைரான்சாவில் கறுப்பு, வெள்ளை வாரதாரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்துத் தெற்கில் உயிருக்கே ஆபத்தான காரியம். 1943-ல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் புகையிலைத் தொழிற்சாலையில் வேலையை நிறுத்தியவர்கள் கறுப்பினப் பெண்கள். 1965-ல் கலிபோர்னியாவின் டெலேனோ திராட்சைத் தோட்டங்களில் முதலில் இறங்கியது லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ்காரர்கள், எட்டு நாளில் சீசர் சாவேசும் டோலரஸ் வெர்டாவும் கட்டிய மெக்சிகோக்காரர் சங்கம் சேர்ந்துகொண்டது. 1968-ல் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் 1,300 பேர் 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையோடு நடந்தபோது அவர்களுக்குப் பின்னால் ஒரு தேசியச் சங்கம் நின்றது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 1944 ஆகஸ்டில், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஃபிலடெல்ஃபியா டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டுக் கறுப்பினத்தவருக்கு டிராம் ஓட்டும் பயிற்சி கொடுத்தார்கள் என்பதுதான் காரணம். ரூஸ்வெல்ட் 5,000 ராணுவத்தினரை அனுப்பி டிராமை ஓடவைத்தார். அங்கிருந்த சங்கத் தலைமை அந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1964 சிவில் உரிமைச் சட்டத்தில் 'பாலினம்' என்ற சொல் கேலிக்காகச் சேர்க்கப்பட்டது என்பது நிஜமா?

பாதி நிஜம். வேலையில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவில் அந்தச் சொல்லைச் சேர்த்தவர் அதை எதிர்த்த வர்ஜீனியாக்காரர் ஹோவர்ட் ஸ்மித். அவையில் ஒரே சிரிப்பு. ஆனால் அவர் பெண்ணுரிமைத் திருத்தத்துக்கு வெகுகால ஆதரவாளர். வெள்ளைப் பெண்ணுக்குக் கிடைக்காத பாதுகாப்பு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அந்த அவையில் இருந்தது. 168-க்கு 133 என்று நிறைவேறியது. சிரிப்பை அடக்கி அதை ஜெயிக்கவைத்தது மார்த்தா கிரிஃபித்ஸ் போன்ற பெண் உறுப்பினர்கள்.

நிறத்துக்கு ஒரு தடை, பாலினத்துக்கு ஒரு தடை. கறுப்பினப் பெண்ணுக்கு இரட்டைப் பாதுகாப்புதானே?

காகிதத்தில் அப்படித்தான். 1970-களில் மிசூரி மாநிலத்தில் எம்மா டிகிராஃபென்ரீடும் இன்னும் நான்கு கறுப்பினப் பெண்களும் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். அந்தக் கம்பெனி 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. மந்தம் வந்தபோது சீனியாரிட்டி பார்த்து, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்று ஆட்குறைப்பு நடந்தது. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோரும் போனார்கள்.

1976-ல் நீதிமன்றம் சொன்னது இது. பெண்களை எடுத்தார்களா? எடுத்தார்கள், அலுவலக வேலைக்கு வெள்ளைப் பெண்களை. ஆக, பாலினப் பாகுபாடு இல்லை. நிறப் பாகுபாடா? கறுப்பின ஆண்கள் தொடர்ந்த இன்னொரு வழக்கு இருக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். கறுப்பினப் பெண் என்று தனிப் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. இரண்டு குடை கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாய் என்று நனையவிட்ட மாதிரி. இந்த வழக்கை வைத்துத்தான் 1989-ல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லை, ஒரே ஆள் மீது பல பாகுபாடுகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு விழுவதைக் குறிக்க, முன்வைத்தார். இன்று சமூக வலைத்தளங்களில் அது படும் பாட்டைப் பார்க்கும்போது, அது ஓர் ஆட்குறைப்பு வழக்கிலிருந்து வந்த சொல் என்று யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை.

1935-ல் விட்ட ஓட்டைகளை எப்போது அடைத்தார்கள்?

ஒவ்வொன்றாக, ஆடி அசைந்து. ஓய்வூதியம் 1950, 1954 திருத்தங்களில் வீட்டு வேலைக்கும் வயலுக்கும் வந்தது. குறைந்தபட்சக் கூலி 1966 திருத்தத்தில் பண்ணை, ஓட்டல், மருத்துவமனை, பள்ளி, சலவையகம் வரை விரிந்தது. கறுப்பினத் தொழிலாளரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இந்தத் துறைகளில்தான் இருந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் கறுப்பு, வெள்ளைக் கூலி இடைவெளி சுருங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு திருத்தத்தால்தான் என்று 2021-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. எந்த நிறத்தையும் பெயர் சொல்லாமல் விலக்கியதுபோல, எந்த நிறத்தையும் பெயர் சொல்லாமல் சேர்த்ததும் வேலை செய்திருக்கிறது. அதே 1966 திருத்தம்தான் டிப்ஸ் வாங்குவோருக்குக் குறைந்த கூலி கொடுக்கலாம் என்றும் எழுதிவைத்தது. மத்திய அளவில் அது மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அசையவில்லை.

வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 1974-ல்தான் வந்தது. அதற்கு முன் அட்லாண்டாவில் டோரதி போல்டன் 1968-ல் வீட்டு வேலைப் பெண்களுக்குச் சங்கம் தொடங்கியிருந்தார். பேருந்துகளில் ஏறி, வேலைக்குப் போகும் பெண்களோடு பேசித்தான் ஆள் சேர்த்தார். உறுப்பினராக ஒரு நிபந்தனை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

சங்க உரிமைச் சட்டத்தின் அந்த 2-வது பிரிவு மட்டும் வயலையும் வீட்டையும் இன்றும் வெளியேதான் வைத்திருக்கிறது. கலிபோர்னியா 1975-ல் பண்ணைத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் போட்டது, நியூயார்க் 2010-ல் வீட்டு வேலை செய்பவர்களுக்கு உரிமைச் சட்டம் போட்டது. மற்றபடி எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1974-ல் வீட்டு வேலை செய்பவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்களா?

இல்லை, அங்கேயும் ஒரு வரி. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 'துணையாக இருப்பவர்கள்' விலக்கு. பக்கத்து வீட்டுப் பெண் எப்போதாவது வந்து பாட்டியோடு உட்கார்ந்திருப்பதை மனதில் வைத்து எழுதியது. பிறகு வீட்டுப் பராமரிப்பு பெரிய வியாபாரமாகி, கம்பெனிகள் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டன. குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்கவைக்கும் முழுநேரப் பெண்களுக்கும் ஓவர்டைம் கிடையாது. அவர்களில் மிகப் பெரும் பங்கு கறுப்பினப் பெண்களும் குடியேறிய பெண்களும்.

ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் இந்த வேலையைப் பல ஆண்டு செய்த எவலின் கோக் வழக்குத் தொடர்ந்தார். 2007-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். விதி அப்படித்தான் இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் தொழிலாளர் துறை மாற்றட்டும் என்றார்கள். துறை 2013-ல் மாற்றியது, 2015-ல் அது நடைமுறைக்கு வந்தது. கோக் 2009-லேயே, 74-வது வயதில் இறந்துவிட்டார்.